சண்டி என்று நான் கூப்பிட்ட கன்று

எங்கள் தெருவில் யாராவது யாரையாவது "சண்டி" என்று திட்டினால் இப்போதும் என் கை வேலையில் நின்றுவிடும். எழுப்பினாலும் எழாமல் அடம்பிடித்துப் படுத்துக்கொள்ளும் மாட்டைச் சொல்கிற வார்த்தை அது. எனக்கு வாய் நீளம். ஒரு காலத்தில் வீட்டுக்காரரை, சிக்கு விழுந்த நூலை, தண்ணீர் வராத குழாயை என்று எல்லாவற்றையும் சண்டி என்றுதான் வைவேன்.

ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் வீட்டுப் பாலில்தான் காப்பி குடிப்பேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம். தேவிகாபுரத்தில் தெரிந்தவரிடம் ஒரு சினைமாட்டைப் பிடித்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

"தறி இருக்கிற வூட்ல மாட்டை எங்கமே கட்டுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களையே இத்தினி வருஷமா கட்டி மேய்க்கிறேன். மாடு இன்னா பெரிய கஷ்டம்?" என்றேன்.

பின்பக்கம் தகரம் இறக்கிக் கட்டினோம். பழைய வைக்கோல் வாங்கிப் போட்டோம். நூலுக்குப் போடக் காய்ச்சுவதால் எங்கள் வீட்டில் கஞ்சிக்கு என்றும் குறைவில்லை, அதையும் ஊற்றினோம். பச்சைப்புல் எப்போதாவது கிடைத்தால் உண்டு. மாடு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் எங்களுக்கு என்ன தெரியும்?

செவலையாக ஒரு கிடாரிக்கன்று பிறந்தது. நான் தறியில் உட்கார்ந்தால் அது அவிழ்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கும். தறிப்பலகை அடிக்கிற சத்தத்துக்கெல்லாம் ஒரு காதை மட்டும் ஆட்டும். என் முந்தானையைச் சப்பிச் சப்பி ஈரமாக்கிவிடும். வெளியே கத்துவேனே தவிர, உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பால்வாசனை மூக்கில் வந்து நிற்கிறது. அப்படி ஒரு ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஒருநாள் கன்று பின்னங்காலை மடக்காமல் நடந்தது. மறுநாள் எழுந்திருக்கவே யோசித்தது. தொடையைத் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. அப்போது எனக்குத் தோன்றியது நெய்கிறவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முட்டாள்தனம்.

சேலையின் நீளத்துக்கு ஓடுகிற நூலைப் பாவு என்போம். விடியலில் அதைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். காயக் காய விறைத்துக்கொள்ளும். பயப்பட மாட்டோம். நீவி, தட்டி, பிரித்துவிட்டால் இளகிவிடும். விறைத்தது எதுவானாலும் நீவினால் சரியாகும் என்பது என் கைக்குப் பழகிப்போன வைத்தியம்.

"கஞ்சி ஏறின பாவு மாதிரி கீது. நீவி நாலு நடை நடக்க வுட்டா தளர்ந்துடும்" என்றேன்.

எண்ணெய் தடவி நீவினேன். பிறகு கயிற்றைப் பிடித்துத் தெருக்கோடிவரை நடத்தினேன். கன்று படுக்கும். "எழுந்திரு, சண்டி" என்பேன். கால் நடுங்க நடுங்க எழும். நாலு நாள் காலையில் இதே கூத்து.

"பாவமா கீதுமே, வுட்டுடு. டாக்டரைக் கூப்டலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. செல்லம் குடுத்தா இன்னும் சண்டித்தனம் பண்ணும்" என்றேன்.

ஐந்தாம் நாள் தெருக்கோடியில் விழுந்தது. அப்போதும் நான் கயிற்றை இழுத்தேன். முன்னங்காலை ஊன்றி ஒரு முறை எழப் பார்த்தது, முடியவில்லை. வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார். சின்ன வயசுப் பெண். தொடையைத் தொட்டார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், தாய்மாட்டுக்கு என்ன தீவனம் என்று விசாரித்தார்.

"பச்சைப்புல் போடுறீங்களாம்மா?"

"எங்களுக்கு ஏதுங்க நிலம்? வைக்கோலும் கஞ்சியும்தான்."

"செலினியம்னு ஒரு சத்து இருக்குதும்மா. துளியூண்டுதான் வேணும். அதுவும் பச்சைப்புல்லுல இருக்கிற வைட்டமினும் தாய்க்கே இல்லன்னா, கன்னுக்குத் தசை கெட்டுப் போயிடும். ஊசி போடுறேன். ஆனா இதை நடக்கவே விடக் கூடாது. நடத்தினீங்களா?"

நான் கன்றின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"இதயமும் ஒரு தசைதானேம்மா" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை பால் கறக்கும் முன்னே கன்று போய்விட்டது. தகவல் சொன்னதும் டாக்டரம்மா வந்து தொடையை அறுத்துக் காட்டினார். சிவப்புத் தசைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடு. சாயம் சரியாக ஏறாத பட்டுநூல் அப்படித்தான் இருக்கும். அது மட்டும் எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது.

அடுத்த சினைக்கு டாக்டரம்மா சொன்னபடியே செய்தோம். தாய்க்கு ஊசி போட்டார். தாது உப்பை அளந்து கொடுத்தோம். "அளவு மீறினா அதே சத்து விஷம்மா" என்று அவர் எச்சரித்திருந்ததால் கரண்டியை வீட்டுக்காரரே வைத்துக்கொண்டார். என் கை தாராளம் அவருக்குத் தெரியும். தினமும் முள்ளிப்பட்டுப் பக்கம் போய் ஒரு கட்டுப் புல்லும் கொண்டுவந்தார்.

இரண்டாவது கன்றும் கிடாரிதான். குதியாட்டம் போட்டு வளர்ந்தது. அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். போன வாரம் விடியலில் பாவு இழுக்கிற நேரத்தில் நடுத்தெருவில் போய்ப் படுத்துக்கொண்டது. எழுப்பினார்கள், தட்டினார்கள், வாலை முறுக்கினார்கள். அசையவில்லை.

"அக்கா, ஜல்தி வாங்க! உங்க சண்டியை எழுப்புங்க, ஒரே பேஜாரா கீது!" என்று எதிர்வீட்டுப் பெண் கத்தினாள்.

போய்ப் பக்கத்தில் நின்றேன். சுகமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. செத்துப்போன முதல் கன்று ஒருநாளும் இப்படிப் படுத்திருக்கவில்லை. நான் சொன்னபோதெல்லாம் எழுந்தது. உண்மையிலேயே சண்டியாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

"அதுவா எழுந்திருக்கட்டும்டி" என்றேன். "பாவு கொஞ்ச நேரம் காத்துகினு இருக்கட்டும்."