ஆளில்லாத கோட்டைப் படங்கள்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஸ்டுடியோ என்ற பெயரில் நான் நடத்துவது ஃப்ளெக்ஸ் கடை. போட்டோ எடுத்துக்கொள்ள இப்போது யார் கடைக்கு வருகிறார்கள்? காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, இவற்றில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஊரில் ஒருத்தர் செத்தால் மேளக்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. தொழில் அப்படி.

என் கடையில் காசு கொடுத்துப் பெரிய படம் அச்சடித்துக்கொண்டு, அதில் தன் மூஞ்சியையும் போடாமல் தலைவர் மூஞ்சியையும் போடாமல் போன ஒரே ஆள் பரணிதரன். அவன் போட்டது கோட்டை. பழவேற்காட்டு ஏரிப்பக்கம் இடிந்து கிடக்கிறதே, டச்சுக்காரன் கட்டியது, அந்தக் கோட்டை. கோட்டை என்றதும் நீங்கள் கொத்தளம், கொடிமரம் என்று எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே இருப்பது சீமைக்கருவேலங்காடு. உள்ளே நுழைந்து சட்டையைக் கிழித்துக்கொண்டால் கொஞ்சம் செங்கல் சுவர் கண்ணில் படும். சென்னையிலிருந்து முழங்கை நீள லென்ஸோடு வருகிறவர்கள் எல்லாம் ஏரியில் நிற்கும் பூநாரையை எடுப்பார்கள். இவன் பூநாரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செங்கல்லை எடுப்பான்.

பரணியின் அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பரணி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கே சிப்காட்டில் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். பழுக்கக் காய்ந்த இரும்பு எதிரே பாம்பாக ஓடிவரும். ஷிப்ட் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனாலேயோ என்னவோ, சூடில்லாமல், அசையாமல், தன்பாட்டுக்குக் கிடக்கிற ஒன்றின் மேல் அவனுக்கு ஆசை விழுந்திருக்கலாம். இது என் ஊகம். அவனைக் கேட்டால், “நல்லா கீதுபா, அதான்” என்பான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒன்றும் பெயராது.

கேமரா என்னிடம் வாங்கியதுதான். கல்யாணம் கல்யாணமாக ஓடித் தேய்ந்த பழைய கேமரா. பகலில் ஒழுங்காக வேலை செய்யும். வெளிச்சம் குறைந்தால் அதற்குக் கண் தெரியாது. லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தேடும், முள்ளைப் பிடித்துக்கொண்டு சுவரை விட்டுவிடும். பரணிக்கோ விடிகிற நேரத்து வெளிச்சம்தான் வேண்டும். சரி, வேறு கேமரா வாங்கு என்றால் கேட்கமாட்டான். அவனாக ஒரு வழி பண்ணிக்கொண்டான். பெண்டாட்டி வினோதாவைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் கூட்டிப்போவான்.

லீவு நாளில் ஒருமுறை நானும் போய்ப் பார்த்தேன். வினோதாவைச் சுவரை ஒட்டி நிறுத்தினான். ஆள் நின்றால் கேமரா சட்டென்று பிடித்துக்கொள்கிறது. ஃபோகஸ் விழுந்ததும் அதை நகராமல் பூட்டிவிட்டு, சோதனைக்கு ஒன்று எடுத்தான். எடுத்ததைத் திரையில் பெரிதாக்கி, அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்த செங்கல்லைப் பார்த்தான். செங்கல்லின் ஓரம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதுதான் அவனுக்குக் கவலை. விழுந்திருந்தால், “நவுரு” என்பான். அவள் நகர்ந்துபோய்ப் புதர் ஓரம் நின்றதும் கோட்டையை எடுப்பான். சோதனைப் படத்தை அங்கேயே அழித்துவிடுவான். கார்டில் இடம் வேண்டுமே!

“ரகுண்ணா, கல்யாணத்துக்கு அப்பால இவரு என்ன ஒரு போட்டோ புட்சதில்ல. இந்தச் செவுத்துக்குக் கீற யோகம் எனுக்கு இல்ல” என்று வினோதா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“சும்மா இருமே, லைட்டு மாறுது” என்றான் பரணி.

அவள் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதும் இல்லை. லீவு நாளில் காலங்காத்தாலே கோட்டை, திரும்பும் வழியில் பொன்னேரியில் நாஷ்டா, இதுதான் அவர்களுடைய சினிமாவும் பீச்சும். அவள் அதற்காகத்தான் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். செங்கல்லுக்காக யார் வருவார்கள்?

இந்த ஆனி மாதம் வினோதா செத்துப்போனாள். சித்திரைக் கடைசியில் வயிற்றுவலி என்று திருவள்ளூருக்குப் போனார்கள். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். வயிற்றில் கட்டி, உள்ளே எல்லாம் பரவிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். “நல்லாதான் இருந்தா, திடீர்னு வந்துச்சு” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பரணி சொன்னான். அவளுடைய அம்மா செங்கம்மாளும் அதையே சொல்லி அழுதாள். நல்லாயிருந்த பெண்ணை எவன் கண்ணோ தின்றுவிட்டது என்று அந்த அம்மாள் மண்ணை வாரித் தூற்றியதைத் தெருவே பார்த்தது.

அன்றைக்கு ஃப்ளெக்ஸ் போட அவள் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பம் அந்த டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து கட்டியாகிப்போயிருந்தது. அவள் போனைத் திறந்தால் அம்மன் படமும் செம்பருத்திப் பூவும்தான். கடைசியில் ஆதார் அட்டையிலிருந்து முகத்தை வெட்டி எடுத்தேன். ஆதாரில் யாருக்குத்தான் மனுஷ முகம் இருக்கிறது? என் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை உடம்புகள் நிறைய உண்டு, கழுத்து கொள்ளாத நகையோடு. அதில் ஒன்றில் இந்தத் தலையை ஒட்டினேன். சொந்தக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தி. மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். பரணி மட்டும் தெருமுனையில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, “யாருபா இது?” என்றான்.

அவன் அழவில்லை. பிணத்தை எடுக்கும்போதும் இல்லை, பால் தெளிக்கும்போதும் இல்லை. வாரம் திரும்புவதற்குள் ஷிப்டுக்குப் போய்விட்டான். பஜார் ஓட்டலில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தபோது எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நேராகவே கேட்டேன்.

“இன்னாடா, ஒண்ணுமே ஆவாத மாதிரி கீற?”

“தெர்ல ரகு. கைய கீழ மடக்கிப் போட்டுத் தூங்கினா மரத்துப் போவும்ல? கிள்ளினாகூடத் தெரியாது. அந்த மாதிரி கீது. துன்றேன், போறேன், வர்றேன்.”

டீ சொன்னேன், குடித்தான்.

எங்கள் பக்கம் காரியத்தன்று படத்திறப்பு வைப்பார்கள். இறந்தவர் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு, துணியால் மூடி மேஜைமேல் வைத்திருப்பார்கள். ஊர்ப் பெரியவரோ யூனியன்காரரோ துணியை விலக்குவார். ஒவ்வொருவராகப் பூப்போட்டு நாலு நல்ல வார்த்தை பேசுவார்கள். ஃப்ளெக்ஸ் மழைக்குக் கிழிந்துவிடும், யாராவது மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொள்வார்கள். இந்தப் படம் அப்படி இல்லை, வீட்டுச் சுவரில் ஆயுசுக்கும் இருக்கும். காரியத்துக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் பரணி கடைக்கு வந்தான்.

“அந்தப் பட்டுப்பொடவ வேணாம் ரகு. அவ மூஞ்சி வேணும்.”

“எங்கடா போவேன் நானு?”

அவன் சட்டைப்பையிலிருந்து கேமரா கார்டை எடுத்து வைத்தான். “அழிச்சத திருப்பி எடுப்பியாமே?”

“எடுக்கலாம். அதும்மேல வேற போட்டோ ஏறியிருந்தா வராது. இன்னாத்த அழிச்ச?”

“வினோதாவ” என்றான்.

டீ வேணுமா என்று கேட்டால் பதில் சொல்வானே, அந்தக் குரலில்தான் சொன்னான். கார்டைச் செருகி, அழிந்ததைத் தேடும் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். அது மெதுவாகத்தான் ஓடும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் திரைமுன் உட்கார்ந்தோம். முதலில் வந்ததெல்லாம் சுவர், முள், சுவர். பாதிக்குமேல் சாம்பல் நிறமாகச் செத்துப்போன படங்கள். இது ஆவாத வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பச்சைப் புடவையில் ஒருத்தி வந்தாள்.

பிறகு வந்துகொண்டே இருந்தாள். பரணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“தேதிவாரியா வை.”

வைத்தேன். வைத்திருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷப் படங்களில் வினோதா சிரிக்கிறாள், நாக்கைத் துருத்துகிறாள், கொசுவை அடிக்கிறாள். கன்னம் இரண்டும் உப்பிக் கிடக்கிறது. போன வருஷம் ஆடிக்கு மேல் சிரிப்பு குறைகிறது. ஐப்பசியில் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். கார்த்திகையில் ஒரு கை வயிற்றின்மேல் இருக்கிறது. ரவிக்கைத் தோள் தொளதொளவென்று தொங்க, இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருக்கிறாள். பொங்கலன்று எடுத்ததுதான் கடைசி. புதுப்புடவை கட்டியிருக்கிறாள். வளையல் முழங்கைக்கு ஏறிக்கிடக்கிறது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. ஃபோகஸ் அத்தனை சுத்தம், இமைமயிரை எண்ணலாம்.

“மூஞ்சியப் பெருசா பண்ணு” என்றான்.

பண்ணினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ரோட்டில் கன்டெய்னர் லாரி போனதில் மேஜை அதிர்ந்தது. அவன் கண்ணை எடுக்கவில்லை.

“உக்காந்துக்கட்டுமான்னு கேட்டா ரகு. லைட்டு போய்டும், நில்லுன்னேன். அப்பால வண்டில வரும்போது மெதுவா ஓட்டு, வலிக்குதுன்னா. ரோடு சரியில்லன்னேன்.”

“அவளுக்கே தெரிஞ்சிருக்காதுடா.”

“அவளுக்குத் தெரியாது, சரி. நான் இத இதே மாதிரி பெருசு பண்ணிப் பாத்தேனே. கல்லு நல்லா வந்துக்குதுன்னு பாத்தேன்.”

நான் பச்சைப் புடவைப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தேன். லட்சணமான படம், கொஞ்சம் வெளுப்பு கூட்டினால் போதும். இதைப் போடுகிறேன் என்றேன். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

“கடைசியா எடுத்தத போடு.”

“பைத்தியமா உனுக்கு? ஊர் முன்னாடி வெக்கற படம். உங்க அத்த தாங்குவாங்களா?”

“அவங்க திடீர்னு போய்ட்டான்னு நெனச்சிக்கினு கீறாங்க. நான்தான் அப்படிச் சொல்லிக்கினு கீறேன்.”

“சொல்லிட்டுப் போயேன். இப்போ வந்து இன்னா ஆவப்போவுது?”

“ஒண்ணும் ஆவாது. அத போடு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அழவேண்டிய நேரத்தில் அழாமல், ஆறிப்போன பிறகு வந்து எல்லாரையும் அழவைக்கப் பார்க்கிறானே என்று. கத்திக்கூடப் பார்த்தேன். அவன் எழுந்து ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டு வேலைக்குப் போனான். முகத்தில் ஒரு கோடுகூடத் திருத்தாமல் அச்சடித்துச் சட்டம் போட்டேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை எடுத்துவிட ரொம்ப நேரம் கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை.

காரியத்தன்று எளாவூர்ப் பக்கம் அவர்கள் தெருவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கம்பெனி யூனியனிலிருந்து சரவணகுமார் வந்திருந்தார். எந்தப் படத்திறப்பானாலும் அவருக்கு ஒரே பேச்சுதான், சிரித்த முகம், பூ மாதிரி மனசு என்று ஆரம்பிப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு துணியை இழுத்தார்.

இழுத்துவிட்டுத் திரும்பிப் படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். சிரித்த முகம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், “அய்யோ, எப்படி ஆயிட்டிருந்தா” என்றாள். பரணி படத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

செங்கம்மாளை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். படத்துக்கு முன்னால் வந்ததும் அந்த அம்மாள் அவர்களை உதறிவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரலால் கண்ணாடிமேல் அந்தக் கழுத்தெலும்பைத் தடவினாள். ஒப்பாரி வைக்கப்போகிறாள் என்று நான் எதிர்பார்த்தேன். வைக்கவில்லை.

“எப்போ எடுத்தது நைனா இது?”

“பொங்கலன்னிக்கு, அத்த.”

“பொங்கலுக்கா?” அவள் வாய்க்குள் மாதங்களை முணுமுணுத்தாள். தை, மாசி, பங்குனி, சித்திரை. “சித்திரையிலதானே வலி வந்துச்சுன்னு சொன்ன?”

பூத்தட்டை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். “இந்த போட்டோவ யாரு எடுத்தது?”

“நான்தான் அத்த” என்றான் பரணி.