கார்டு இல்லாத பெட்டியில் கேட்ட கொட்டு

பேய்க் கதை கேட்கிற ஆசையில் வந்திருந்தால் தப்பான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். எங்கள் ஃபிளாட்டில் கீழ்வீட்டுக்காரர்கள் போமோ என்கிற மந்திரவாதி ஒருவரைக் கூட்டிவந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பேய் ஓட்டியபோது, படியில் நின்று வாய்விட்டுச் சிரித்து, அவர்களிடம் திட்டு வாங்கியவள் நான். கோயிலில் யாராவது சாமி வந்து ஆடினால்கூட எனக்குப் பக்தி வராது, எரிச்சல்தான் வரும். சுங்கைவே பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை எனக்கு. கரண்ட் வந்தால் விளக்கு எரியும், வராவிட்டால் எரியாது, என் ஆன்மிகம் அவ்வளவுதான். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயம் என்று எதுவும் இல்லை. கோபம்தான் இருக்கிறது, இத்தனை வருஷம் ஆகியும் ஒரு சொட்டு ஆறாத கோபம்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் அம்மா, நான், என் தம்பி குமரன், மூன்று பேர் இருந்தோம். அப்பா எப்போதோ போய்விட்டார். அக்கா சாந்தா கல்யாணமாகி கிள்ளானில் இருந்தாள். குமரன் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தான். கடையில் வேண்டாமென்று கழித்த பாகங்களைக் கொண்டுவந்து சேர்த்து, ஹாலில் டெலிபோனுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கம்ப்யூட்டரை எழுப்பியிருந்தான். மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருப்பான், அதனால் அந்த மூடிக்கு ஸ்குரூ போட்டதே இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு வாயே கிடையாது. உள்ளே காசு அளவில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், அது கீ கீ என்று கத்தும், அவ்வளவுதான். பாட்டு, கொட்டு, வெடிச் சத்தம் எல்லாம் கேட்க வேண்டுமானால் சவுண்ட் கார்டு என்று ஒரு பலகையைத் தனியாக வாங்கி உள்ளே சொருக வேண்டும், அதன் பின்பக்கத்தில் வெளி ஸ்பீக்கர் வயரை மாட்ட வேண்டும். குமரன் பல மாதம் சிகரெட்டை விட்டுவிட்டு அந்தக் கார்டை வாங்கினான். அதை மாட்டி, கப்பல்கள் சண்டை போடுகிற ஒரு டாஸ் கேமைப் போட்டான். இருட்டுக் கடலில் ஒரு கப்பல் மெதுவாக வரும், அது வரும்போது கொட்டு முழங்கும், அப்படி ஒரு கொட்டு. அம்மா கையில் கரண்டியோடு சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

“எந்தக் கோயில்ல திருவிழா?”

அன்றிலிருந்து அது அம்மாவுக்குக் 'குமரன் கொட்டு'. அவன் வேலை முடிந்து வந்து அதைப் போட்டால்தான் அம்மா சோற்றில் கை வைப்பார்.

காப்பார் என்கிற ஊரில் ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டர் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது குமரனின் மோட்டார்சைக்கிள் ஒரு லோரியில் மோதியது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை.

அம்மா அழவில்லை, சாப்பிடவும் இல்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ எனக்கு என்ன தோன்றியதோ, சாயங்காலம் உட்கார்ந்து அந்தக் கேமைப் போட்டேன். கொட்டு வந்தது. அம்மா எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் பிசைந்து கொடுத்த சோற்றைத் தின்று முடித்தார். கீபோர்டில் எதையும் தட்டாமல் விட்டால் அந்தக் கப்பல் திரும்பத் திரும்ப வரும், கொட்டும் திரும்பத் திரும்ப அடிக்கும். தினமும் அதுதான் எனக்கு அம்மாவைச் சாப்பிட வைக்கிற வழி.

இப்போது அத்தான் வருகிறார், அக்காவின் புருஷன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஐயர் போய், வந்தவர்கள் இலையில் உட்கார்ந்திருந்தபோது, இவர் ஸ்குரூடிரைவரோடு ஹாலில் நிற்கிறார்.

“செத்தவன் ஆசையா வெச்சிருந்த சாமானை வீட்ல வெச்சிருக்கக் கூடாதுலா. ஆள் அதையே சுத்திக்கிட்டு நிப்பான். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

அவன் சட்டைகளை எடுத்தாரா? இல்லை. பாயை எடுத்தாரா? இல்லை. பாரமான பெட்டியையும் எடுக்கவில்லை, பழைய மானிட்டரையும் எடுக்கவில்லை. கார்டு, இரண்டு ஸ்பீக்கர், கேம் ஆடுகிற ஜாய்ஸ்டிக், இவை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போயின. என் தம்பியின் ஆவி நல்ல விலைக்குப் போகிற சாமானில் மட்டும்தான் தங்கும் போலிருக்கிறது. சபையில் வாயைத் திறக்காதே என்று அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

கார்டு போனபின் கேமைப் போட்டால் அந்தக் காசு ஸ்பீக்கர்தான் கத்தியது. “கொசு மாதிரி கத்துது, நிறுத்துடி” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேமின் செட்டப்பில் போய்ச் சத்தமே வேண்டாம் என்று மாற்றிவைத்தேன். அதன்பின் அம்மா சத்தமில்லாத கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சோறு தட்டில் காய்ந்துபோகும். கையில் வளையல் நிற்காத அளவுக்கு உடம்பு இறங்கிவிட்டது. கிளினிக்கில் டாக்டர், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அம்மாவுக்குக் கப்பல் படத்தைப் போட்டு உட்கார வைத்துவிட்டுக் கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். அத்தான் சோபாவில் சாய்ந்திருந்தார். கார்டு அவருடைய மேசைமேல் அதே பிளாஸ்டிக் பையில் கிடந்தது.

“இன்னும் மாட்டக்கூட இல்லையே அத்தான், குடுத்துருங்க. அம்மா சாப்பிட மாட்டேங்கிறாங்க.”

“கம்ப்யூட்டர் வாங்கப்போறேன், அப்ப மாட்டிக்குவேன். சாமான் என்கிட்ட வந்தாச்சு. உங்கம்மாவுக்குப் பசிச்சா தானா சாப்பிடுவாங்க.”

என் வாழ்க்கையில் நான் அப்படிச் சண்டை போட்டதில்லை. அண்டை வீட்டுச் சீனக் கிழவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்தார். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று ஒருமையில் கேட்டுவிட்டேன். அக்கா இடையில் நின்று அழுதாள். கடைசியில் வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஹைவேயில் ஜாம், மழை வேறு கொட்டியது, ஜன்னல் மூடாமல் என் தோள் நனைந்தது. வழி முழுக்க அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கும்போது பள்ளிவாசலில் அந்திநேர மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. படி ஏறினேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எழுந்து போங்கள், இரண்டாவது மாடி திரும்பும்போதே எனக்குக் கொட்டுக் கேட்டது. குமரன் கொட்டு. கார்டில் வருகிற அதே சத்தம், ஆனால் அவன் இருந்தபோது அவ்வளவு சத்தமாக வைத்ததே இல்லை. கைப்பிடிக் கம்பி என் கைக்குள் அதிர்ந்தது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அத்தானுக்கு வெட்கம் வந்து, எனக்கு முன்னால் காரில் வந்து மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் அந்த மனுஷனை வாழ்த்தினேன், அப்படி வாழ்த்திவிட்டேனே என்கிற கோபமும் சேர்த்து எனக்கு இன்னும் இருக்கிறது.

உள்ளே போனால் அம்மா மட்டும்தான். நான் விட்டுப்போன மாதிரியே நாற்காலியில் இருந்தார். திரையில் கப்பல் வந்துகொண்டிருந்தது. கொட்டு ஹாலையே நிறைத்தது, அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. நான் பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். ஸ்பீக்கர் வயர் இல்லை, கார்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. மூடியைத் தூக்கினேன். கார்டு சொருகுகிற பள்ளத்தில் தூசி படிந்திருந்தது. நான் போர்டு பார்க்கிறவள், எனக்குத் தெரியும், அந்தப் பெட்டியிலிருந்து அந்தச் சத்தம் வர வழியே கிடையாது. தகரத்தின்மேல் கை வைத்தேன். ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் விழுந்தது.

அம்மா திரும்பி என் கையைத்தான் பார்த்தார், ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று.

“குடுத்தானா?”

கொட்டு முழங்கும்போதே ஏன் இதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. “இன்னும் இல்லம்மா, இது எப்படிம்மா வருது?” என்று கேட்டேன். கொட்டுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

அம்மாவின் முகம் சுருங்கியது. “எதுக்குடி கத்துறே? பக்கத்துலதானே இருக்கேன்.”

அம்மாவுக்குக் காது போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். அப்போது அம்மாதான் சொன்னார், “போன் அடிக்குது பாரு.” எனக்கு எந்த மணியும் கேட்கவில்லை. ரிசீவரை எடுத்தேன், உண்மையிலேயே போன். கிள்ளானிலிருந்து அக்கா. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“நீ போனதும் நானும் விடலடி, நல்லாக் கேட்டுட்டேன். ஒத்துக்கிட்டாரு. நாளைக்கு நானே பஸ்ல கொண்டாந்து...” அக்கா நிறுத்தினாள். “என்னடி அது? குமரன் கொட்டு மாதிரி இருக்கு?”

“அக்கா, அது வந்து...”

அவ்வளவுதான் சொன்னேன். போன் கை மாறிவிட்டது. அத்தான் வாங்கிக் கொட்டைக் கேட்டுவிட்டார்.

“ஓ, வீட்ல புதுசு வாங்கி மாட்டிக்கிட்டுத்தான் இங்க வந்து ஒப்பாரி வெச்சியா? நல்லா நடிக்கிறலா நீ! இனிமே அந்தக் கார்டைப் பத்தி எவளாவது வாயத் தொறந்தீங்க...”

டொக்கென்று வைத்தார். அவர் வைத்ததும் கொட்டும் நின்றது. வெளியே மழை பெய்கிற சத்தமும் தண்டவாளத்தில் ஒரு ரயில் போகிற சத்தமும் அப்போதுதான் என் காதுக்கு வந்தன. நான் அந்தப் பெட்டியை ஓங்கி ஓங்கி அறைந்தேன்.

“டேய், வரத் தெரிஞ்சவன் கிள்ளானுக்குப் போய் அந்தாளை நாலு அறை அறைஞ்சிருக்கக் கூடாதாடா? நாளைக்கு அந்தக் கார்டே வீட்டுக்கு வந்திருக்குமே! இன்னிக்குத்தான் வரணுமா? வந்தியே, அம்மா காதுலயாவது போட்டியாடா?”

அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார் பாவம்.

மறுநாள் அத்தானுக்குப் போன் போட்டேன். என்ன சொல்வது? கார்டு வாங்கவில்லை, செத்துப்போன தம்பி வாசித்தான் என்றா? உளறினேன், அவர் சிரித்துவிட்டு வைத்தார். அடுத்த வாரமே கார்டைத் தன்னோடு வேலை செய்கிறவனுக்கு விற்றுவிட்டார். ஓவர்டைம் செய்து நான் வேறொரு கார்டு வாங்கினேன். அதே மாதிரி கடையில் இல்லை, புது மாடல்தான் கிடைத்தது. அதில் கொட்டு வேறு மாதிரி விழுந்தது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது வேற யாரோ” என்று எழுந்து போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு அம்மா இல்லை.

அத்தானும் பிறகு போய்விட்டார். அக்காவும் நானும் கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம், அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். போன வருஷம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன், அத்தான் போனை வைத்தபிறகு நீயாவது அவரோடு சண்டை போட்டு அந்தக் கார்டை வாங்கியிருக்கலாமே, ஏன் விட்டுவிட்டாய் என்று. அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“இப்ப வந்து கேக்குறியே? அன்னிக்கு போன்ல கொட்டுக்கு நடுவுல அம்மா அப்படிச் சிரிச்சாங்களேடி. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சரி, எப்படியோ அம்மா சந்தோஷமா இருக்காங்கன்னுதான் நான் அதுக்கப்புறம் அவர்கிட்ட கேக்கல.”

அம்மா சிரிக்கவில்லை. நான் பக்கத்தில்தானே நின்றேன். அந்த ஹாலில் யாரும் சிரிக்கவில்லை.