மின்விசிறியில் என் பெயர்

தென்காசியில் எங்கள் திருச்சபைக்கு நான் வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் என் பெயர் எழுதியிருக்கிறது.

சீசனுக்குக் குற்றாலத்தில் தங்கியிருந்தபோது பைபிளுக்கான கிரேக்க அகராதியைப் புரட்டினேன். ஊர் பார்க்கத் தர்மம் செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்தாயிற்று என்கிறாரே இயேசு, அந்த 'அடைந்தாயிற்று' என்பதற்கான கிரேக்கச் சொல் அந்தக் காலத்து ரசீதுகளில் வருவதாம்: முழுதும் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கியில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அருவியில் குளித்துவிட்டு வந்த மனைவி, "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிய?" என்றாள்.

விஷயத்தைச் சொல்லி, "ஊரே என் பேர வாசிச்சாச்சே, பரலோகத்துல இனி என்ன கிடைக்கும்?" என்றேன்.

"ஓடுத ஃபேன்ல எவன் பேர வாசிச்சான்? கரண்டு போயி எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டும்போது, நீங்கதான் சிரிச்சிக்கிட்டு அண்ணாந்து பாக்கிய."