நூலகம் இன்னும் வரலைங்க

என் வீட்டுக்காரர் மேடையில் நன்றாகப் பேசுவார். நான் அவ்வளவு பேசமாட்டேன். ஐந்தாவதோடு நின்றவள். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊர். இரண்டு பேருக்கும் மிராசுதார் வயலில் கூலி வேலை. விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடி ஊரில் ஏறிய காலம் அது. மைக் கிடைத்தால் தலைவரே, தோழர்களே, தாய்மார்களே என்று அவர் வணக்கம் வைத்து முடிக்கவே நேரமாகும். பிறகு உலகத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். கூலி விஷயம் கடைசியில்தான் வரும். வரும்போது கைதட்டல் அடங்காது.

தஞ்சாவூரில் பி.ஏ. படித்தவர். எங்கள் தெருவில் அவர்தான் முதல். எல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் நின்றுபோனது. கட்டுரையில் மார்க் விழவில்லை. அது தேறினால் பி.எட்., பள்ளிக்கூட வேலை. தேறாவிட்டால் கடைசிவரை அரிவாள்தான்.

தஞ்சாவூரில் ஒரு டுடோரியல் வாத்தியாரிடம் கட்டுரை எழுதிக் காட்டினார். திரும்பி வந்தபோது தாள் முழுக்கச் சிவப்பு மை.

"என்னங்க சொன்னாரு?"

"சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லணுமாம். அப்புறம் காரணமாம், ஒரு உதாரணமாம். அத்தோட அந்தப் பத்தியை முடிச்சிடணுமாம். முதல்லயே சொல்லிட்டா அப்புறம் எவன் உக்காந்து கேப்பான்?"

படித்துக் காட்டச் சொன்னேன். ஊருக்கு நூலகம் ஏன் வேண்டும் என்பது தலைப்பு. ஒரு வரி இங்கிலீஷில் படிப்பார். எனக்காக அதைத் தமிழில் சொல்வார். பெரியோர்களுக்கு வணக்கம். மனிதன் குகையில் வாழ்ந்தான். நெருப்பைக் கண்டான். நான் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, கஞ்சியும் வடித்துவிட்டேன்.

"ஏங்க, சோறே வெந்துருச்சு. நூலகம் இன்னும் வரலைங்க."

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"மேடையில இப்படித்தானே புள்ள பேசுறேன்?"

"களத்துல அப்படிப் பேசலையே."

போன அறுப்பில் கூலித் தகராறு. ரோட்டில் போலீஸ் வண்டி நின்றது. மிராசுதார் முன்னால் போய் நின்றவர் இவர். வணக்கமெல்லாம் வைக்கவில்லை.

"அறுக்குற கலத்துக்கு ஒரு படி நெல்லு கூடுதலா வேணுங்க. விலைவாசி ஏறிப்போச்சு, கூலி பத்தலை. பக்கத்து ஊர்ல கொடுக்குறாங்க."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் ஒரு படி கூடுதலாக அளந்தார்கள்.

அதையே இப்போது முணுமுணுத்துப் பார்த்தார். கேட்டது, காரணம், உதாரணம் என்று ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

அதற்குப் பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் என்னிடம் வருவார். "என்னடா வேணும்?" என்று மிராசுதார் குரலில் அதட்டுவேன். "ஊருக்கு ஒரு நூலகம் வேணுங்க" என்பார். "எதுக்குடா?" என்பேன். காரணம் சொல்வார். போய் இங்கிலீஷில் எழுதுவார். அவரை டா போட எனக்கு வேறு எப்போது வாய்க்கும்?

தேறிவிட்டார். மட்டு மட்டான மார்க்தான். பி.எட். சேர இடம் கிடைத்த வாரம் தெருவில் கூட்டம் போட்டார்கள். மைக்கைப் பிடித்தார். இந்த ஊருக்கு நூலகம் வேண்டும் என்றார். காரணம் சொன்னார். ஒரு உதாரணம் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முழித்தது.

"என்ன தோழர், ஒடம்பு சரியில்லையா?"

"வீட்டுல சோறு போடலை போலருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தேன். எழுந்து மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"தலைவர் அவர்களே, தோழர்களே, தாய்மார்களே…"

நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.