ராயப்பன்பட்டியில் நான் சாய்த்த வீடு

சனிக்கிழமை காலை 6.40. தேனி பேருந்து நிலையத்தில் கம்பம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது நான் ஒரு பாராட்டு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்படித்தான் நினைத்தேன். முந்தின நாள் வந்த போன் அப்படி. "தம்பி, போன வாரம் எங்க தெருவப் படம் எடுத்தீகள்ல? அதப் பத்திப் பேசணும், நேர்ல வாங்க." பேசியவர் அந்தோணி வாத்தியார், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். படத்தைக் கேட்டு வாங்கி ஊர் வாட்சப் குரூப்பில் போட்டவர். நான் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, "ஐயோ, இதெல்லாம் எதுக்குங்க" என்று அடக்கமாகச் சொல்ல மதுரையிலிருந்தே ஒத்திகை பார்த்தபடி வந்தேன்.

உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டர், டிக்கெட்டும் முப்பது ரூபாய். சின்னமனூர் தாண்டியதும் ஆடிக் காற்று டிக்கெட் வாங்காமல் வண்டிக்குள் ஏறி, நான் படிய வாரியிருந்த தலையைக் கலைத்துவிட்டது.

8.10. உத்தமபாளையத்தில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். ராயப்பன்பட்டிக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது.

"யாரு வீட்டுக்கு சார்?"

"அந்தோணி வாத்தியார் வீட்டுக்கு."

"ஓ, சாயுற வீட்டுக்கா!" என்றார் டிரைவர். "மதுரக்காரரு ஒருத்தரு போட்டோ புடிச்சுக் கண்டுபிடிச்சாராம். இல்லாட்டி ஒருநா மொத்தமா விழுந்திருக்கும்."

பின்சீட்டில் அந்த மதுரைக்காரர் கேமராப் பையை மடியிலிருந்து காலடிக்குத் தள்ளினார்.

8.40. தெருவின் கடைசியில் வாத்தியார் வீடு. கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார்கள், மேலே மாடிச் சுவர் தளம் போடும் உயரம் வரை எழும்பி நிற்கிறது. வாசலில் என் படம், பெரிதாகப் பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டி. மேலே பென்சில் கோடுகள். வாத்தியார் கையில் பாகைமானி.

"ஏழு டிகிரி, தம்பி. மூணு தடவ அளந்துட்டேன்."

"அஞ்சு நாளா வீட்டுக்குள்ள படுக்கல. தெருவுல கட்டில் போட்டுப் படுக்குறாக" என்றார் அவர் மனைவி லூர்தம்மா.

திங்கட்கிழமை கம்பத்திலிருந்து ஆட்கள் வந்து மாடிச் சுவரை இடிக்கப்போகிறார்கள். கட்டிய கொத்தனார் சூசையை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் இஸ்திரி கலைந்தது.

"இருபத்தெட்டு வருசமாச் சுவரு எழுப்புறேன் தம்பி. இப்ப டீக்கடைக்குப் போனா, எல்லாரும் தலையச் சாச்சு வச்சுக்கிட்டு என்னயப் பாக்குறாக."

குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும். என் 14 மில்லிமீட்டர் வைட் ஆங்கிள் லென்ஸ் தெருவையே வாரிச் சுருட்டிக்கொள்ளும். ஆனால் ஓரத்தில் இருப்பதை வளைத்துவிடும். போதாததற்கு நான் கலை என்ற பெயரில் தரையில் மண்டியிட்டு அண்ணாந்து எடுத்திருந்தேன். அப்படி எடுத்தால் படத்தில் கட்டடங்கள் உள்பக்கமாகச் சாயும். படத்தின் ஓரத்தில் இருந்தது வாத்தியார் வீடு. எதிர்ப்பக்கம் தென்னந்தோப்பு. தென்னை சாய்ந்தால் யார் கேட்பார்கள்?

லேப்டாப்பைத் திறந்து முதலில் சுவரின் தொப்பையைக் கரைத்தேன், பிறகு சாய்வை நிமிர்த்தினேன். வீடு விறைத்து நின்றது. கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கம்ப்யூட்டர்ல நிமித்துறீக, நிமிருது. நெசத்துல யாரு நிமித்துறது? ஆமா, சூசை உங்களுக்கு எதும் சொந்தமா?"

"தூக்குக்குண்டு விட்டுச் சுவரு நேரா இருக்குன்னு காட்டுனேனே அய்யா!" என்றார் சூசை.

"அவன் சுவரு, அவன் குண்டு. அவனுக்கு எதிராவா சாட்சி சொல்லும்?"

லூர்தம்மாதான் வழக்கை முடித்தார். "அந்தக் குண்டையும் சேத்து ஒரு படம் எடுங்க. குண்டு நேரா இருந்து சுவரு சாஞ்சா சூசை மேல தப்பு. ரெண்டும் சேந்து சாஞ்சா…" என் பக்கம் கை நீண்டது, "இவரு மேல."

சூசை மாடிச் சுவரிலிருந்து சிவப்பு நைலான் நூலில் தூக்குக்குண்டை இறக்கினார். காற்றில் அது ஊஞ்சலாடியது. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து குண்டை அதற்குள் முக்கினார். ஆட்டம் அடங்கியது. நூல் சுவரோடு ஒட்டினாற்போல் நேராக நின்றது. வாத்தியாரும் சாட்சியாகச் சுவரோரம் நின்றார்.

10.20. அதே இடம், அதே லென்ஸ், அதே மண்டி. முழங்கால் சத்தம் தென்னந்தோப்பு வரை கேட்டது.

திரையில் படம் வந்ததும் எல்லாரும் குனிந்தார்கள். சூசைதான் தலையில் கைவைத்தார்.

"ஆத்தாடி! என் நூலு சாயுது!"

வாத்தியார் பாகைமானியைத் திரை மேல் வைத்தார். நூலுக்கு ஏழு. சுவருக்கு ஏழு. எழுந்து போய் வாளியைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார். நாற்பது வருடம் பிள்ளைகள் கையில் கொடுத்த கருவி, அவர் கையிலேயே பொய்யைச் சரியாக அளந்திருக்கிறது.

"அப்ப ஏழு டிகிரியும் இவரோடதா?" என்று என்னைக் காட்டினார் வாத்தியார்.

"ஆமா. சட்டைய மட்டும் நேரா தேச்சுப் போட்டு வந்திருக்காரு" என்றார் லூர்தம்மா.

அவர்கள் கண்முன்னே அந்த நூல் நிமிரும்வரை படத்தைத் திருத்தினேன். கூடவே சுவரும் நிமிர்ந்தது. இதில் ஒரு வினை உண்டு: சாய்வை நிமிர்த்தினால் ஓரம் இழுபடும். ஓரத்தில் நின்ற வாத்தியார் பலாப்பழமாக உப்பியிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இது ஒண்ணுதான் உள்ளபடி வந்திருக்கு" என்றார் லூர்தம்மா.

வாத்தியார் கம்பத்துக்குப் போன் போட்டு ஆள் வேண்டாமென்றார். சூசையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வாளியைத் தானே தூக்கித் தென்னைக்கு ஊற்றிவிட்டு வந்தார். "ஏலே சூசை, சாரத்துல ஏறு. மேகம் கூடுது." கட்டிலையும் மடக்கி உள்ளே கொண்டுபோனார்.

திருத்திய படத்தை அனுப்பட்டுமா என்று சூசையிடம் கேட்டேன்.

"அது எதுக்கு? நூலு சாயுற படத்த அனுப்புங்க. டீக்கடையில காட்டணும்."

மாலை மதுரை. எங்கள் ஹாலில் நான் எடுத்த தெருப்படம் ஒன்று தொங்குகிறது. அது கோணலாக இருப்பதாக மனைவி ஆறு வருடமாகச் சொல்கிறாள். "அது வைட் ஆங்கிள், உனக்குப் புரியாது" என்பது என் நிரந்தர பதில். அன்று சாவிக்கொத்தை ஒரு நூலில் கட்டிச் சட்டத்தின் ஓரமாகத் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

லென்ஸைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆணி அடித்தது நான்.