பால்மரம் நனைந்தால்

செமோர் சாலையோரக் கடையில் உட்கார்ந்து மலையேறும் காலணியின் நாடாவை இறுக்குகிறேன். எதிரே ரப்பர் தோட்டத்தில் மிச்சமிருக்கும் பால்மரங்கள் பழைய இலையெல்லாம் கொட்டிச் செந்தளிர் விட்டிருக்கின்றன. வெயில் அடிக்க வேண்டிய மார்ச் மாதம். கைப்பேசியும் வெயில் என்றுதான் சொல்கிறது.

கடைக்கார அக்கா தே தாரிக் தேநீரை வைத்துவிட்டு மலையைப் பார்க்கிறார். பாதி மலையைக் காணோம்.

"இன்னைக்கு ஏறாதீங்க தம்பி. மேகம் இடுப்பு வரைக்கும் இறங்கிருச்சு. மழை வந்தா பாதையெல்லாம் வழுக்கும்லா."

"லீவு போட்டு வந்திருக்கேன் அக்கா."

சொல்லி முடிப்பதற்குள் தகரக் கூரையில் சடசடவென்று விழுகிறது. எரிச்சல் வர வேண்டும். எனக்கோ சிரிப்பு வருகிறது.

"என்ன தம்பி சிரிக்கிறீங்க?"

"நான் சுங்காய் பக்கம் தோட்டத்துல பொறந்தவன் அக்கா. காலையில மரம் நனைஞ்சா பால் வெட்ட முடியாது, அம்மா வீட்டுல இருப்பாங்க. மத்த நாள்ல நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள போயிருவாங்க. அதனால மழை வரணும்னு வேண்டிக்கிட்டே படுப்பேன். பேஞ்சா அன்னைக்குச் சம்பளம் இல்லைன்னு அப்பத் தெரியாது."

மழை வலுக்கிறது. நாடாவை அவிழ்க்கிறேன். அக்கா துடைத்த மேசையையே மறுபடியும் துடைக்கிறார்.

"நானும் இருபது வருசம் பால் வெட்டினவதான். விடியக்காலையில மழை பிடிச்சா வாய்க்கு வந்தபடி திட்டுவேன்."

துணி பாதி மேசையில் நின்றுவிடுகிறது.

"அப்ப என் புள்ளைங்களும் இதைத்தான் வேண்டிக்கிட்டுப் படுத்திருக்குமோ?"