சித்தியின் நெற்றி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே முகத்தை அதிகம் கழுவியவள் அம்மாவின் தங்கை, என் சித்திதான். கை விறைத்துப்போகும் குளிரிலும் மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவாள். எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டாள். நேரத்தோடு படுத்துவிடுவாள். அப்படியும் அவள் நெற்றி முழுக்கப் பருக்கள் சிவந்து கிடந்தன.

திருட்டுத்தனமாக வடை தின்கிறாள் என்றார் அப்பா. உடம்புச் சூடு என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக் காம்பிராவில் குடியிருந்த அத்தை, கண்ணூறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். சித்தி எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்தாள். டயகமவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஏதோ ஒட்டுகிற வியாதியாம் என்று யாரோ சொல்லப்போய், அவர்கள் வரவில்லை. அதன்பிறகு சித்தி கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

கடைசியில் அம்மா அவளைக் கொட்டகலையில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனாள். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் நானும் போனேன். டொக்டர் சிங்களப் பெண்மணி. சாப்பாட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. என்ன வேலை என்று கேட்டுவிட்டு, “கூடை எப்படி மாட்றது? காட்டுங்க” என்றார்.

சித்தி, கயிற்றுக்கு அடியில் வைக்கும் துணிபோலத் தாவணி முனையை மடித்து, முதுகுக் கூடையின் கயிறு விழும் இடத்தில் நெற்றிக்குக் குறுக்கே பிடித்தாள். பருக்கள் அத்தனையும் மறைந்துபோயின. துணிக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. துணியை எடுத்ததும் கோடு கிழித்தாற்போல் அதே இடத்தில் இருந்தன. தினமும் பார்த்த முகத்தில் இது ஏன் எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை?

“கயிறு அழுத்துது. நனைஞ்ச துணி உரசுது. அதுதான். நீங்க ஒரு பிழையும் செய்யல்ல.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் சித்தி விசும்பி விசும்பி அழுதாள்.

“நாங்க எல்லாருந்தானங்க கயிறு போடுறோம், இவளுக்கு மட்டும் ஏங்க?” என்றாள் அம்மா.

“எல்லார் தோலும் ஒண்ணு இல்லயே, அம்மா.”

பூசுவதற்குக் களிம்பு கொடுத்தார். துணி காய்ந்ததாக இருக்கட்டும், கயிறு நெற்றியில் படவேண்டாம் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் நான் இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து சித்தி மாற்றுத்துணி கொண்டுபோனாள். கயிற்றை நெற்றியிலிருந்து உச்சந்தலைக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மெல்ல மெல்ல நெற்றி தெளிந்தது. டயகமக்காரர்களும் வந்து பார்த்து, கல்யாணம் நிச்சயமானது. பார்த்த மாத்திரத்தில் ஒரு முகத்தை மாற்றிவிட்ட அந்த டொக்டரை நான் சாமியாகவே நினைத்தேன்.

அந்த நாட்களில் சாயங்காலம் கூடையை இறக்கியதும் சித்தி குப்புறப் படுத்துக்கொள்வாள். அம்மா அவள் பிடரியில் தைலம் தேய்ப்பாள். கயிறு உச்சியில் வழுக்காமல் நிற்க, பொழுதெல்லாம் கழுத்தை முன்னால் வளைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தைலப் போத்தலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் எப்போது இந்தப் பக்கம் திரும்புவாள், அந்த நெற்றியைப் பார்க்கலாம் என்று காத்துக்கொண்டிருப்பேன்.